கோமாரிக் கொட்டகை

கிழக்கு வெளுக்கும் முன்பே விமலா சாணி அள்ளத் தொடங்கியிருந்தாள். சிமெண்டுத் தரையில் மண்வெட்டி கரகரத்தது. ரப்பர் பூட்சுக்குள் வியர்வை நசநசத்தது. ஜன்னலே திறக்காத கொட்டகை அது. உள்ளே வந்த காற்றுகூட வடிகட்டாமல் வெளியே போகாது. தடுப்பூசிச் சோதனைக்காகக் கோமாரி ஏற்றப்பட்ட மாடுகள், வாயில் நுரை தொங்க, புண்பட்ட கால்களை மாற்றி மாற்றி வைத்து நின்றன. பார்க்கப் பார்க்க மனசு கேட்காது.

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் தாண்டி, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்குப் பின்னால் இந்த மருந்துக் கம்பெனி வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. இரண்டாயிரமாவது வருஷம். தங்கச் சுரங்கம் இன்றைக்கு மூடும், நாளைக்கு மூடும் என்று எல்லோருக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. சம்பளம் நின்ற வீடுகள் மாடு வாங்கின. விமலாவின் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்வதம்மாவின் கறவை மாடு. அதன் பாலில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

கம்பெனியின் விதி எல்லோருக்கும் மனப்பாடம். உள்ளே உடுத்தியது உள்ளேயே கிடக்க வேண்டும். தலைக்குக் குளித்து, மூக்கைச் சிந்தி, குளியலறையின் மறுகதவு வழியாகப் போனால்தான் சொந்தத் துணி. மனுஷரை இந்தக் கிருமி அநேகமாக ஒன்றும் செய்யாது. ஆனால் தலைமயிரில் ஒட்டிக்கொண்டு போய், வரிசையாக ஒட்டி நிற்கும் லைன் வீடுகளின் மாடுகளையெல்லாம் சாய்த்துவிடும்.

ஷிப்ட் முடியும் நேரம், ஒரு காளையை வேறு கட்டுத்தறிக்கு மாற்றினார்கள். கயிற்றைப் பிடித்திருந்தது காத்தவராயன், சுரங்கத்தில் பாதி ஆயுசைக் கொடுத்துவிட்டு இங்கே கூலிக்கு வந்தவர். காளை தலையை உதறியது. விமலாவின் தலையுறை கழன்று விழ, எச்சில் நுரை அவள் கூந்தலில் கொழகொழவென்று வழிந்தது. குளியலறைக்கு ஓடிக் குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது.

நடையின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற சூப்பர்வைசர் பிரதாப்பின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

"டேங்கர் பாதிதான் வந்துச்சு. இருந்த தண்ணி பாய்லருக்குப் போய்டுச்சு. மருந்துத் துணியால தொடச்சிக்கினு கெளம்புங்க."

"தலைமயிர இன்னா சார் பண்றது?"

"ஒரு நாள்ல ஒண்ணும் ஆவாது."

விமலா மறுகதவைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு மகள் மமதா வந்திருப்பாள். பார்வதம்மாதான் அவளை மாட்டுக் கொட்டாயில் உட்கார வைத்துப் பால் கொடுப்பாள். இந்தத் தலையோடு போய்ப் பிள்ளையைத் தூக்கினால் போதும், அந்த மாட்டின் கதை முடிந்தது. நிற்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் சுவருக்குச் சுவர் நடந்தாள்.

"நான் வெளிய வரல சார்."

"உள்ளயே குடித்தனம் பண்ணப் போறியா? அப்போ நாளைலேர்ந்து வேலைக்கி வராத."

கூட வேலை செய்த ஐடா மறுகதவின் கைப்பிடியைப் பற்றியிருந்தாள். வீட்டில் கைக்குழந்தை, பால் கட்டி அவளுக்கு மார்பு தெறித்தது.

காத்தவராயன் நடையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "மைன்ல எறங்குனவன்ல ஒருத்தன் டோக்கன் திரும்பலன்னா, மேல வந்தவனும் ஷாஃப்ட் வாயிலயே நிப்பான். வூட்டுக்குப் போவ மாட்டான். எனக்கு அந்தப் பழக்கம்தான் தாயீ. நீ போவாம நானும் போவல."

ஐடா கைப்பிடியை விட்டுவிட்டு அழுதுகொண்டே வந்து உட்கார்ந்தாள்.

சேதி கேட்டு முதலாளி சுந்தரராஜே வந்துவிட்டார். கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "ஸ்ட்ரைக்னா கேட்டுக்கு வெளிய உட்காருவாங்க, பார்த்திருக்கேன். வெளிய வரமாட்டேன்னு உட்காருறது புதுசா இருக்கே!"

"நீங்க போட்ட ரூல்தான் சார்," என்றாள் விமலா.

"மாட்டுத் தொட்டியில தண்ணி இருக்கில்ல? அதுல குளிங்க."

"அது நோவு மாடு வாய் வெச்ச தண்ணி. மருந்து விக்கிற உங்களுக்கு நாங்க சொல்லணுமா?"

"ஒரு நாள் குளிக்கலைன்னா ஊர் அழிஞ்சிடுமா?"

"அழியாதுன்னா உள்ள வாங்க சார்," என்றாள் விமலா. "இந்தக் காளைய ஒருவாட்டி தடவிக் குடுங்க. குளிக்காம நேரா உங்க பால் பண்ணைக்குப் போங்க."

கோலார் ரோட்டில் அவருக்கு நூறு மாடு நிற்கிற பண்ணை இருந்தது. சுந்தரராஜின் கை கண்ணாடியிலிருந்து சட்டென்று விலகியது.

அவருக்குப் பின்னால் அடுத்த ஷிப்ட் ஆட்கள் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பி அவர்கள்மேல் பாய்ந்தார். "இன்னா வேடிக்கை? உள்ள போங்க!"

"தண்ணி வரட்டும் சார், போறோம்," என்றாள் முன்னால் நின்ற பெண். சொல்லிவிட்டு, கண்ணாடியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஒருவன் மட்டும் ஐடாவின் குழந்தைக்குப் பால் வாங்கிக் கொடுக்கவும், மமதாவை விமலாவின் தங்கை வீட்டில் விட்டுவரவும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

தண்ணீர் வரவில்லை. நாளைக்கு வேலை இருக்குமா, தெரியாது. தலையில் எச்சில் காய்ந்து இறுகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு முதல்முறையாக விமலா காலை நீட்டி உட்கார்ந்தாள்.