பாய்க்கயிற்றில் ஒரு லாரி முடிச்சு

லிஃப்ட் மெக்கானிக்குக் கப்பல் பிடிக்கவில்லை. அதை அன்றைக்கு வாடகைக்கு எடுத்திருந்த பெரியவரைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் மகளைக் கட்டிக்கொள்ளத்தான் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறான். “தீவெல்லாம் சுத்திட்டு வருவோம். அந்தத் தம்பியும் வரட்டும், ஆள் எப்படின்னு பாத்துடறேன்” என்று பெரியவர் சொல்லியனுப்பியிருந்தார். சாயங்காலத்துக்குள் அவர் வாயிலிருந்து ‘சரி’ வர வேண்டும். வராவிட்டால் கல்யாணப் பேச்சே கிடையாது.

பெரியவர் லாரி வைத்து ஓட்டுகிறவர். லோடு கட்டத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று மனிதர்களில் இரண்டே வகைதான் அவருக்கு. ஏறியவுடன் பாய்மரத்தைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சுக்கான் பிடித்திருந்த தண்டலுக்கு, அதாவது அந்தக் கப்பலையே நடத்துகிறவருக்கு, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பாடம் எடுத்தார். முதல் தீவில் இறங்கி, மணலைக் காலால் உதைத்து, “கட்டடத்துக்கு ஆகாது” என்று தீர்ப்பளித்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். கட்டடம் கட்டச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை.

மெக்கானிக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். எள் என்றால் எண்ணெயாக நின்றான். மனசுக்குள் மட்டும், ‘முட்டாள், வடிகட்டின முட்டாள்’ என்று ஜபம் ஓடிக்கொண்டிருந்தது.

காலையிலேயே பாய்க்கயிற்றைக் கவனிக்கும் மீசைக்காரர் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். “எதை வேணா தொடுங்க, இந்தக் கயித்தைத் தொடாதீங்க. காத்து திடீர்னு தூக்கினா ஒரே இழுப்புல இது அவுந்துடணும். அதான் சும்மா சுத்தி வச்சிருக்கேன்.”

இரண்டாவது தீவைத் தாண்டியதும் பாறை இருக்கிறதா என்று பார்க்க மீசைக்காரர் கப்பலின் முன்னால் போனார். பெரியவரின் கண் கயிற்றின் மேல் விழுந்தது. “கோழிக்குஞ்சைக் கட்டற மாதிரி கட்டியிருக்கான்” என்று முனகியபடி எழுந்தார். முழங்காலை முட்டுக்கொடுத்து இறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முடிச்சுப் போட்டார். லாரி நாலு நாள் ஓடினாலும் அவிழாத முடிச்சு.

இரும்புக் கயிற்றில் ஆட்களை மேலேற்றி இறக்குகிற மெக்கானிக்குக் கயிறு தெரியாதா? தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மகளின் காதில் கிசுகிசுத்தான். “உங்கப்பா கப்பலுக்கே லோடு கட்டறார் பாரு.”

அவள் சிரிக்கவில்லை. “அவுக்கச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டார்.”

“இன்னிக்கு மட்டும் வேண்டாம்மா. மீசைக்காரர் வந்து பாத்துக்குவார்.”

அவளே எழுந்தாள். நாலடி வைப்பதற்குள் இரண்டு தீவுகளுக்கு நடுவிலிருந்து காற்று பாய்ந்தது. கப்பல் ஒரு பக்கமாகச் சரிந்து கடல் உள்ளே வந்தது. சாப்பாட்டுப் பாத்திரங்கள் உருண்டன, பெரியவரும் உருண்டார். மீசைக்காரர் ஓடி வந்து கயிற்றை இழுத்தார். அது கல்லாக இருந்தது. இடுப்பிலிருந்த கத்தியால் அறுத்தார். அறுந்த கயிறு அவர் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு பறந்தது. கப்பல் நிமிர்ந்தது.

“யார் இதைக் கட்டினது?” என்றார் தண்டல்.

“உங்க ஆளுதான்” என்றார் பெரியவர், நாக்கில் நரம்பில்லாமல். “அப்பவே நெனச்சேன், சரியில்லைன்னு.”

“இருபது வருஷமா இதைப் பிடிக்கறேன். நான் எதுக்கு முடிச்சு போடப்போறேன்?” என்றார் மீசைக்காரர். கையிலிருந்து ரத்தம் சொட்டியது.

தண்டல் மெக்கானிக்கிடம் திரும்பினார். “தம்பி, நீங்க இங்கதானே உக்காந்திருந்தீங்க?”

அவன் கைக்கடிகாரத்திலிருந்த தண்ணீரைத் துடைத்தான். “நான் அந்தப் பக்கம் பாத்துட்டு இருந்தேன். கவனிக்கல.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது.

“எங்கப்பாதான் கட்டினார்” என்றாள் அவள். “நான் பாத்தேன். இவரும் பாத்தார்.” தன் துப்பட்டாவைக் கிழித்து மீசைக்காரர் கையில் கட்டினாள். தண்டல் கப்பலைக் கரைக்குத் திருப்பினார்.

படகுத்துறையில் பெரியவர் மெக்கானிக்கின் தோளில் கை போட்டுத் தனியே அழைத்துப் போனார். “பெத்த பொண்ணே என்னை விட்டுக்குடுத்துட்டா. நீங்க குடுக்கல. இந்த மாதிரி ஆள்தான் நம்ம வீட்டுக்கு வேணும். எனக்குச் சம்மதம், மாப்பிள்ளை.”

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடினான். மீசைக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக அவள் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள்.

“அப்பா சரின்னுட்டார்” என்றான், மூச்சிரைக்க.

“சொல்லாம என்ன செய்வார்? அவருக்கு ஏத்த ஆள்தானே நீங்க.” அவள் குரல் உயரவில்லை. “அவர் பொய் சொன்னா சகிச்சுக்கலாம். எனக்கு அப்பா, வேற வழியில்ல. உங்களை எதுக்குச் சகிச்சுக்கணும்? நீங்க யாரு எனக்கு?”

ஆட்டோ கிளம்பிவிட்டது.

“மாப்பிள்ளை, இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க” என்று பின்னாலிருந்து பெரியவர் கூப்பிட்டார்.

அவன் போய்ப் பிடித்துக்கொண்டான்.