கண்ணாடிக்கு மேலே மாட்டிய விளக்கு

எங்கள் ஆமை ட்ரெவரின் ஓடு விளிம்பில் மெத்தென்று ஆகிவிட்டது. புற ஊதா ஒளி போதவில்லை, இன்னும் இளகினால் பிழைக்க மாட்டான் என்றார் கால்நடை மருத்துவர். எங்கள் ஊரான ரெக்ஸமில் அப்போது கடுங்குளிர், வெயிலில் விட வழியில்லை. நானும் கணவர் ஆல்வினும் விளக்குக் கடைக்கு ஓடினோம்.

கடைக்காரி மைரி, "சூட்டுக்குக் குண்டு பல்பு, புற ஊதாவுக்குக் குழல் விளக்கு. ரெண்டும் வேணும்," என்றாள்.

"ரெண்டுமே வீட்ல எரியுதே. போன மாசந்தான் வாங்கினோம்," என்றேன்.

மைரியும் குழம்பிப்போனாள். "ரொம்ப உயரத்துல மாட்டிட்டீங்களோ?"

"இல்ல, ஓரடிதான். பூனை உள்ள குதிக்காம இருக்க ஆமைப் பெட்டிய கண்ணாடியால மூடி, அதுக்கு மேல மாட்டினேன்," என்றார் ஆல்வின் பெருமையாக.

"அட மனுஷா, கண்ணாடி வழியா வெளிச்சம் போகும், புற ஊதா போகாதே. பூனை எங்க படுக்குது?"

"அந்தக் கண்ணாடி மேலதான்."

"அப்ப வைத்தியம் பூனைக்குத்தான் நடந்திருக்கு. கம்பி வலை போட்டு, விளக்க வலைக்குக் கீழ மாட்டுங்க."

அப்படியே செய்தோம். ட்ரெவர் விளக்கடியில் கழுத்தை நீட்டிப் படுத்தான். ஓடு இறுகுமா என்று கேட்டால், பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். தினமும் விளிம்பைத் தொட்டுப் பார்க்கிறோம். ஆல்வின் இறுகிவிட்டது என்கிறார், எனக்குத் தெரியவில்லை.