டிராம் நின்றுபோன மாலை

அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு இன்ஷிராஹ், தன் மருமகள் நெர்மீனுடன் டிராமில் திரும்பிக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்த நேரம். வழியில் வண்டி நின்று விளக்கெல்லாம் அணைந்தது. வெளியே அலெக்சாந்திரியா முழுவதும் இருண்டு கிடந்தது.

"ஊரு பூரா கரண்ட் இல்லையாம். இறங்கி நடங்க," என்றார் ஓட்டுநர்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நெர்மீனுக்கு மாமியாரிடம் கொஞ்சம் அச்சம்தான். இன்று அந்த மாமியாரே அவள் கையை இறுகப் பற்றினாள்.

"பயப்படாதே. நான் இருக்கேன்ல," என்றாள். மாலையானால் அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது; யாரிடமும் சொன்னதில்லை.

ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறாள் என்று நெர்மீன் கேட்கவில்லை. கைப்பேசி வெளிச்சத்தில் தண்டவாளத்தை ஒட்டி நடந்தபடி, "அத்தை, இங்க பள்ளம், பாத்து வாங்க," "இந்தப் பக்கம் கார் வருது, நில்லுங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் கைப்பேசியும் அணைந்தது. அதன்பின் மாமியாரைத் தோளோடு அணைத்துக்கொண்டு, மெழுகுவர்த்தி ஏற்றிய கடைகளைப் பார்த்துப் பார்த்து நடந்தாள்.

வீட்டு வாசலில் மகன் ஷெரீஃப் தவித்துக்கொண்டு நின்றான்.

"அம்மா, நெர்மீன் ரொம்பப் பயந்துட்டாளா?"

"அவ எங்கடா பயந்தா? பயந்தது நான்," என்றாள் இன்ஷிராஹ். "எனக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியலடா. இவதான் பத்திரமா கூட்டிட்டு வந்தா."

படியேறும்போதும் அவள் மருமகளின் கையை விடவில்லை.