கத்பெர்ட் புதைத்த மைல்கல்

கத்பெர்ட்டுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பதற்குப் பேசாமல் நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ளேயே கட்டில் போட்டுப் படுத்திருக்கலாம்.

சண்டைக் காலத்தில், பாராசூட்டில் குதிக்கிற ஜெர்மன்காரனுக்கு நியூகாசில் நகரம் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடக் கூடாதாம். பழைய சுங்கச் சாலையின் மைல்கற்களைப் பிடுங்கிப் புதைக்கச் சொன்னார்கள். எங்கள் ஊர்க் கல்லைப் புதைத்தது ஊர்க்காவல் படையிலிருந்த இந்தக் கத்பெர்ட்தான். சண்டை முடிந்து மற்ற கற்களையெல்லாம் திரும்ப நட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை எங்கள் கல்லைத் தேடி சாலை மேஸ்திரி லாரியோடு வந்து நின்றார்.

"புறாக்கூண்டு ஓரமா புதைச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு," என்றான் கத்பெர்ட்.

எங்கள் இருவருக்கும் பொதுவான அந்தக் கூண்டு என் தோட்டத்தில் இருக்கிறது. அதன் ஓரத்தில்தான் என் லீக் பாத்தி; லீக் என்றால் தடித்த தண்டு வைக்கிற பெரிய வெங்காயத்தாள் மாதிரி. யாருடைய லீக் பருமன் என்று சனிக்கிழமை ஊரில் போட்டி. வருஷா வருஷம் கோப்பை கத்பெர்ட்டுக்கே போகும். இந்த வருஷம்தான் என் தண்டுகள் அவனுடையதைவிடப் பருத்திருந்தன. ஊரே ஒப்புக்கொண்டது.

"சனிக்கிழமை கழிச்சு தோண்டிக்கலாமேங்க," என்றேன்.

"லாரி இன்னிக்குதான் கிடைச்சிருக்கு," என்றார் மேஸ்திரி.

"இதுக்குப் போய் ஏன் ரால்ஃப், மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற? அடுத்த வருஷம் ஜெயிச்சுட்டுப் போ," என்றான் கத்பெர்ட்.

வேறு யாரும் கை வைக்கக் கூடாதென்று தண்டுகளை நானே பிடுங்கினேன். இடுப்பளவு ஆழம் தோண்டியும் மண்புழுதான் வந்தது.

சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி ஹன்னா கேட்டாள்: "ஏன் கத்பெர்ட், சண்டை நடக்கும்போது இந்தக் கூண்டு உங்க பக்கம்ல இருந்துச்சு? உங்க லீக்குக்கு வெயில் படலைன்னு நீங்கதானே போன வருஷம் இங்க நகர்த்துனீங்க?"

கோபத்தில் எனக்கும் அது மறந்தே போயிருந்தது. மேஸ்திரி வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். கூண்டு முன்பு இருந்த இடத்தில் கத்பெர்ட்டின் லீக்குகள் செழித்து நின்றன.

"சனிக்கிழமை கழிச்சு..." என்று இழுத்தான் கத்பெர்ட்.

"லாரி இன்னிக்குதான்," என்றார் மேஸ்திரி.

மண்வெட்டியை அவன் கையில் கொடுத்தேன். என் கோப்பையும்தான் போயிற்று, எங்கே சிரிப்பது?

ஹன்னா என் தண்டுகளைக் கூடையில் அள்ளினாள். "இன்னிக்கு எங்க வீட்ல லீக் சூப்பு, வந்துடுங்க கத்பெர்ட். நாளைக்கு உங்க வீட்டுக்கு நாங்க வரோம்," என்றாள்.