பதினாறில் ஒன்று

நன்னிலத்துக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரியில் மரபணுக்களைக் கணினியில் படிக்கும் உயிர்த்தகவலியலுக்கென்று தனி மென்பொருள் எதுவும் கிடையாது. ஆறு கணினிகளும் எக்செல்லும்தான். பேராசிரியை அருள்ஜோதி அதை வைத்தே பரிணாமப் பாடம் நடத்தினாள். ஒரு கட்டத்தில் அப்பாவின் மரபணு, பக்கத்துக் கட்டத்தில் அம்மாவுடையது. ஒரு விசையைத் தட்டினால் அடுத்த தலைமுறை பிறந்துவிடும்.

ஒருநாள் வகுப்பு முடிந்தும் ஈஸ்வரி எழுந்திருக்கவில்லை.

"மேடம், சொந்தத்துல கட்டினா இதுல எப்படிப் போடுறது?"

அவளுடைய அக்கா வானதியை மூத்த தாய்மாமனுக்குக் கொடுத்திருந்தார்கள். பிறந்த இரண்டு குழந்தைகளும் கழுத்து நிற்காமலே ஒரு வயதுக்குள் போய்விட்டன. பரம்பரைக் கோளாறு என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது இளைய மாமன் பரணிதரனுக்கு ஈஸ்வரியைப் பேசி முடித்திருந்தார்கள்.

இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். கோளாறு ஈஸ்வரியிடம் மறைந்திருக்கப் பாதி வாய்ப்பு, பரணிதரனிடமும் பாதி. இருவரிடமும் இருந்தால் நாலு பிள்ளைகளில் ஒன்றுக்கு நோய். திரையில் ஆயிரத்து அறுநூறு பிள்ளைகளைப் பிறக்க வைத்தார்கள். எத்தனை முறை தட்டினாலும் நோயைக் காட்டும் சிவப்புக் கட்டங்கள் நூறை ஒட்டியே விழுந்தன: பதினாறில் ஒன்று.

அதை அச்செடுத்துக்கொண்டு அருள்ஜோதி அவர்கள் வீட்டுக்கே போனாள். நடவு நேரம். ஈஸ்வரியின் அப்பா பஞ்சநதம் சேற்றுக்காலோடு நின்று பொறுமையாகக் கேட்டார்.

"பதினாறுல ஒண்ணுதானேங்க மேடம்? மிச்சம் பதினஞ்சும் நல்லாருக்கும்னு உங்க தாளே சொல்லுதே."

"ரெண்டு பேருக்கும் முன்னாடியே ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாங்க. கோளாறு மறைஞ்சு இருந்தாலும் பயமில்ல, வெளியில கட்டிக் குடுக்கலாம்."

"ரத்தத்துல சீக்குன்னு பேரு வந்தப்புறம் வெளியிலேர்ந்து யாருங்க வருவா?"

தை மாதம் கல்யாணம் நடந்தது. ஈஸ்வரி கல்லூரிக்குத் திரும்பவில்லை.

மறுவருஷம் ஐப்பசி மழையில் நனைந்தபடி, கைக்குழந்தையோடு துறை வாசலில் வந்து நின்றாள்.

"நாலு மாசமாச்சு மேடம். தலை நிக்கல."

அருள்ஜோதி குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

"அடுத்தது நல்லபடியா பொறக்கும்னு வீட்டுல சொல்றாங்க. இனிமே பதினாறுல ஒண்ணு இல்லல்ல மேடம்? நாலுல ஒண்ணு."

"ஆமாம்மா" என்றாள் அருள்ஜோதி.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஈஸ்வரியோடும் குழந்தையோடும், ரத்தப் பரிசோதனைக்காகத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினாள். மூன்று வாரம் கழித்து வந்த முடிவு, அவர்களுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னது.

குழந்தை மாசிவரை இருந்தது. அடக்கம் முடிந்ததும் பரணிதரன்தான் போன் செய்தார். "உங்களுக்குச் சொல்லச் சொன்னா மேடம்" என்றார்.