பதினேழாவது வரி

1
இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் சரிதாவேதான். ஆகவே முழுதாக நம்பிவிடாதீர்கள், நானும் நம்பவில்லை.

தட்டாஞ்சாவடியின் மாலை வெயிலில் அவள்… (வேண்டாம். வெயிலுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

2
தட்டாஞ்சாவடியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். மீனவர்களின் செல்போனுக்குக் கடல் எச்சரிக்கை அனுப்பும் நிரலை பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதுகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் எழிலரசன் முன்பு எழுதிய கிளாஸ், மீனவர்கள் மாற்றிவிட்ட பழைய எண்களுக்கு அனுப்பும். உடன் வேலை பார்க்கும் சரிதா அதே பெயரில் புதிய கிளாஸ் எழுதி, தனி நேம்ஸ்பேஸில் வைத்தாள். (கிளாஸ் என்பது வேலையைச் செய்யும் நிரல்துண்டு; நேம்ஸ்பேஸ் அது குடியிருக்கும் வீடு. இவ்வளவு தெரிந்தால் போதும்.)

போன மாதம் ஒரு எச்சரிக்கை வீராம்பட்டினம் மீனவக் கிராமத்துக்குப் போகவே இல்லை. கடலுக்குப் போன படகில் சரிதாவின் அண்ணன் கண்ணையன் இருந்தான். கை உடைந்து கரை சேர்ந்தான்.

எந்த நிரல் ஓடியது என்று பதிவாகும் லாக் ஃபைலைச் சரிதா திறந்தாள். ஓடியிருந்தது எழிலரசனின் கிளாஸ். நேரே முதலாளி சுப்பிரமணியனிடம் போனாள்.

"எழிலரசன் வேணும்னே அவரு கிளாஸ மாத்தி வச்சிட்டாரு சார்."

மறுநாள் எழிலரசனுக்கு வேலை இல்லை.

3
(தாண்டிப் போகாதீர்கள். குற்றவாளி இந்தப் பகுதியில்தான் ஒளிந்திருக்கிறார்.)

நேம்ஸ்பேஸுக்குள் கிளாஸின் பெயரை நேராக எழுதினால், பிஎச்பி அந்த வீட்டுக்குள் தேடும். பெயரை வேரியபிள் என்ற பெட்டியில் போட்டு, ஓடும்போது உருவாக்கச் சொன்னால், வீட்டை மறந்துவிடும். தெருவில் அதே பெயரோடு நிற்பவரைக் கூப்பிடும். முழு விலாசமும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். சரிதா பதினேழாவது வரியில் கொடுத்தது வெறும் பெயர். தெருவில் நின்றதோ எந்த வீட்டிலும் வைக்கப்படாத எழிலரசனின் பழைய கிளாஸ். அதனால் எரர்கூட வரவில்லை.

யாரும் எதையும் மாற்றி வைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து இதைக் கண்டுபிடித்தவள், விலாசத்தைச் சேர்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

4
முடிவு ஒன்று: சுப்பிரமணியனிடம் போய் ஒப்புக்கொள்கிறாள். இதை அவளிடமே படித்துக் காட்டினேன். அடுத்த முடிவைக் கேட்டாள்.

முடிவு இரண்டு: எழிலரசன் வீட்டுக் கதவைத் தட்டி… (படிக்க விடவில்லை.)

ஒரே ஒரு பெயரை மாற்றச் சொன்னாள். எழிலரசன் பெயரைத்தானே என்று கேட்டேன்.

"அவரு பேரு இருக்கட்டும்ண்ணா. என் பேர மாத்திடுங்க."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மாற்றிவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இந்தக் கதையில் சரிதா என்பது மட்டும்தான் பொய்ப் பெயர்; எழிலரசன் உண்மைப் பெயர். நாளை அவர் உங்கள் அலுவலகத்துக்கு வேலை கேட்டு வரலாம். அவரைப் பற்றி விசாரிக்க நீங்கள் சுப்பிரமணியனுக்குப் போன் போடுவீர்கள். சரிதா சொன்னதையே அவரும் சொல்வார்.

மூன்றாவது முடிவு அதற்குப் பிறகு நீங்கள் செய்வது.