கிள்ளிய வளைவு

ரயில் ஓட்டிய முப்பத்திரண்டு வருஷமும் அவருக்கு நிதானம் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. சக ஓட்டுநர்கள், கொடி காட்டுகிறவர், கேன்டீன்காரர், எல்லோருக்கும் அவர் நிதானம். தேநீரைக்கூட ஆறவைத்து, ஆறிவிட்டதா என்று ஒரு தடவை பார்த்து, அப்புறம்தான் வாயில் வைப்பார். அப்படிப்பட்ட மனிதர் ஓட்டிய வண்டியில்தான் தையல்காரர் அடிபட்டுச் செத்தார்.

நடந்தது இவ்வளவுதான். அது இரண்டே பெட்டிகள் கொண்ட குட்டி ரயில். ஓட்டுகிறவர் ஒருவர்தான், பக்கத்தில் துணைக்கு ஆள் கிடையாது. பாதை ஒரு பழைய கிடங்கின் சுவரை ஒட்டி வளைந்து போகும். வளைவு முடிகிற இடத்தில், சாலை தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டும் கேட் இல்லாத கடவு ஒன்று. அதன் நடுவில் தையல்காரரின் மொபெட் நின்றுவிட்டது. மனிதர் குனிந்து அதை உதைத்துக்கொண்டிருந்தார். ரயிலின் பதிவுக் கருவி சொன்ன கணக்குப்படி நிதானம் ஹாரன் அடித்ததும் பிரேக்கை இழுத்ததும் மோதுவதற்கு நான்கு நொடி முன்னால். விசாரணைக்கு வந்த பெரிய மனிதர்கள் காரைவிட்டு இறங்கினார்கள், சுவரைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். சுவர் மறைத்ததால் அதற்கு முன் பார்த்திருக்க முடியாது, ஓட்டுநர் மேல் குற்றமில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். அளந்து பார்த்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. நிதானமும் கேட்கவில்லை.

அடுத்த வருஷமே கிடங்கை இடித்து, பாதையை நேராக்கி, மேம்பாலமும் கட்டிவிட்டார்கள். போய்ப் பார்க்கலாம் என்றால் பார்க்க இடம் இல்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த நிதானத்தை ஒரே கேள்வி அரித்தது. உண்மையிலேயே தெரியவில்லையா? ஊரே இல்லை என்றது. உள்ளே ஒருத்தன் மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டதையே கேட்டான்.

அவன் வாயை அடைக்கத்தான் மனிதர் அந்த இடத்தையே வீட்டில் கட்ட ஆரம்பித்தார்.

முன்னறையில் பாதியை மேஜை விழுங்கியது. நிஜத்தில் நூற்று அறுபதில் ஒரு பங்கு என்பது அளவு. அந்தக் கணக்கில் ஒரு ஆள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று உயரம். அட்டையில் கிடங்குச் சுவரை வெட்டி, கல் கல்லாகக் கோடு கிழித்தார். சுவர் எத்தனை அடி உயரம், தண்டவாளத்திலிருந்து எத்தனை அடி தள்ளி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எத்தனை ஆயிரம் தடவை ஒட்டிக்கொண்டு போயிருக்கிறார். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல் ஆக்கினார். ஜல்லிக்கு மணலைச் சலித்து, துளித்துளியாகப் பசை விட்டு இறுக்கினார். மொபெட்டுக்குச் சிவப்பு அடித்தார். அது சிவப்புதான். அதைக் குனிந்து உதைக்கிற ஆளுக்குச் சட்டை வெள்ளை. குட்டி என்ஜினில் ஓட்டுநரின் கண் இருக்கும் உயரத்தில், மிளகு அளவுக் கேமரா ஒன்றை ஒட்டினார். அது பார்ப்பது செல்போன் திரையில் தெரியும்.

எல்லாவற்றையும் அளந்து செய்தவர் வளைவை மட்டும் கடையில் பெட்டியோடு வாங்கினார். பொம்மை ரயில் போடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். நிஜ வளைவை அளவு மாறாமல் போட்டால் வீட்டுச் சுவரை இடிக்க வேண்டியிருக்கும். ஆகவே வளைவை ஒடித்துக் குறுக்கிக் கிள்ளிக்கொள்வார்கள். கிள்ளுவது என்றே அதற்குப் பேர். அதில் தப்பு இருப்பதாக அவர்கள் யாரும் நினைப்பதில்லை.

என்ஜினை நிஜ வேகத்துக்குக் கணக்குப் போட்டு ஓட்டினார். திரையில் சுவர், சுவர், சுவர். பிறகு திடீரென்று சிவப்பாக மொபெட். நான்கு நொடி. இன்னொரு தடவை ஓட்டினார். நான்கு நொடி. நிதானம் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து என்னவோ ஏதோ என்று பதறினாள். அன்றைக்கு அவர் சோற்றை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவ்வளவோடு விட்டிருக்கலாம். போய்த் தையல்காரரின் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். புருஷன் போன பிறகு அவள்தான் கடையை நடத்துகிறாள். வந்தவள் மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். குனிந்து நிற்கும் அந்த நகத்தளவு ஆளை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் திரையைப் பார்த்தாள்.

"சுவர்தான்ணே தெரியுது," என்றாள்.

"ஆமாம்மா."

"நாலு நொடியில யாராலதான் என்ன பண்ண முடியும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்களை மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா? நாள் தவறாம திட்டுவேன். இன்னியோட விட்டுட்டேன்ணே."

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நிதானம் மனிதராக இருந்தார். மேஜையை அழகுபடுத்துவதே வேலை. சுவரில் மழைக்கறை வரைந்தார், தண்டவாளத்தின் ஓரத்துக்குத் துருவின் நிறம் பூசினார், தந்திக் கம்பத்தில் நூலிழையைக் கட்டினார். வருகிறவர் போகிறவர் எல்லோரும் ஆகா என்றார்கள்.

ஆகா என்று சொல்லாதவர் ஒருவர்தான். அவர் மனைவியின் தம்பி. நில அளவை அலுவலகத்தில் வேலை. கோணல் கண்ணில் பட்டால் சும்மா இருக்க மாட்டார். கல்யாண வீட்டில்கூடப் பந்தல் கால் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி நிமிர்த்தச் சொல்கிற ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஜைக்குப் பக்கத்தில் நின்று பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாம் அச்சு அசலா இருக்கு மாமா. வளைவுதான் இடிக்குது. இப்படி ஒடிச்சு வளைச்சா நிஜ ரயில் கவுந்துடும்."

நிதானம் சிரித்தார். "அது அப்படித்தான் மாப்ள. எல்லாரும் கிள்ளித்தான் போடுவாங்க. இல்லேன்னா வீடு பத்தாது."

"கிள்ளினா பார்வை மாறிடுமே."

மச்சினர் அடுத்த பிஸ்கட்டை எடுத்தார். நிதானத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. வளைவு எவ்வளவு ஒடிந்திருக்கிறதோ அவ்வளவு கிட்டத்திலேயே சுவர் பார்வையை மறைக்கும். விரிய விரியத் தூரம் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் வளைவுகளில் ஓட்டியவருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். மேஜை முன்னால் உட்கார்ந்தபோது மட்டும் எப்படியோ தெரியாமல் போய்விட்டது. வேண்டும் என்றே மறந்தீரா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது.

"பழைய வரைபடம் உங்க ஆபீஸ்ல இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. அடுத்த வாரமே மச்சினர் நகல் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். நல்ல காரியம் செய்கிற நினைப்பு அவருக்கு.

நிதானம் தண்டவாளத்தைப் பிடுங்கினார். வரைபடத்தின் வளைவை ஆணியும் நூலும் வைத்துப் பலகையில் கீறினார். அது முன்னறையில் அடங்கவில்லை. கதவைக் கழற்றி வைத்துவிட்டு, நிலைப்படியைத் தாண்டி, சமையலறைக்குள் அடுப்பு மேடைவரை பலகையை நீட்டினார். மனைவி மூன்று வாரம் பலகைக்கு அடியில் குனிந்து போய்க் குனிந்து வந்தாள். "சாம்பார் கரண்டி எடுக்கணும்னா டிக்கெட் வாங்கணும் போல," என்று ஒரு நாள் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அவளும் அதற்குப் பிறகு கேலி பேசவில்லை.

வளைவு இப்போது பார்க்கவே வளைவு மாதிரி இல்லை. அவ்வளவு விரிந்து கிடந்தது. அதில் குட்டி என்ஜினை ஓட்டினார்.

பதினோரு நொடி.

சுவரின் ஓரத்தில் முதலில் சிவப்பாக ஒரு புள்ளி. அப்புறம் வெள்ளையாக ஒரு புள்ளி. அது வளர்ந்துகொண்டே வந்தது. நிதானம் சுவரை அளந்தார், வேகத்தை அளந்தார், கேமராவின் உயரத்தை அளந்தார். முப்பது தடவை ஓட்டினார். பதினொன்றுக்குக் கீழே இறங்கவே இல்லை.

பதினோரு நொடியில் ரயிலை நிறுத்தியிருக்க முடியாது. அது அவருக்குத் தெரியும். ஆனால் ஹாரன் அடித்திருக்கலாம். கேட்கிற ஆள் நிமிர்ந்து பார்க்கலாம், திகைத்து நிற்கலாம், மொபெட்டை இழுத்துக்கூடப் பார்க்கலாம். எல்லாம் முடிந்த பிறகும் ஓடிவிட நேரம் மிச்சம் இருக்கும். நான்கு போனால் பாக்கி ஏழு நொடி. அந்த ஏழு நொடி அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? தூங்கினாரா? தூங்கவில்லை, தூங்கினால் நான்காவது நொடியில் கை எப்படிப் போகும்? குனிந்து எதையாவது எடுத்தாரா? வேறு பக்கம் பார்த்தாரா? யோசித்து யோசித்துப் பார்த்தார். சுவர் நினைவிருந்தது. மொபெட் முன்னால் நின்றது நினைவிருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. இன்ன தப்பு செய்தேன் என்று தெரிந்தால் அதைச் சொல்லியாவது தலையில் அடித்துக்கொள்ளலாம். அவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

கடைசியில் ஒரு நம்பிக்கையைப் பிடித்தார். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண்ணுக்கு எல்லாம் சீக்கிரம் தெரியும். தெரியாத கண்ணுக்கு? ஒரு காலையில் மனைவியைக் கூப்பிட்டார்.

"இந்தா, இதைப் பிடி. மொபெட் தெரிஞ்சதும் 'இதோ'ன்னு சொல்லு. நான் திரையைப் பார்க்க மாட்டேன்."

அவள் ஒரு கையில் செல்போனை வாங்கிக்கொண்டாள். இன்னொரு கையால், ஏனோ, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதும் அழுத்துவதற்கு, நொடி எண்ணும் கடிகாரத்தின் பொத்தானில் நிதானம் கட்டைவிரலை வைத்துக்கொண்டு என்ஜினைக் கிளப்பினார். அது சமையலறையிலிருந்து மெல்ல வந்தது. நிலைப்படியைத் தாண்டியது. சுவரை ஒட்டியது.

அவள் கை இறுகியது. அவர் கட்டைவிரல் தன்னால் பொத்தானை அழுத்திவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. என்ஜின் வந்துகொண்டே இருந்தது. கடவு கிட்டத்தில் வந்துவிட்டது.

"இதோ," என்றாள். "இப்பத்தாங்க தெரியுது. சுவர் மறைக்குதே."

என்ஜின் மொபெட்டை இடித்ததும் கடிகாரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பதினொன்று காட்டியது.

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாத்தான் பாத்தேன். நாலு நொடிதான் இருக்கும்." அவள் அவரைப் பார்க்காமலே பலகைக்கு அடியில் குனிந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே அடுப்பில் ஒன்றும் இல்லை.

நிதானம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தையல் கடைக்குப் பத்து நிமிஷ நடை. இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும்; வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். பதினோரு நொடி இருந்தது. நான் பார்க்கவில்லை. சொன்னால் அவள் திட்டுவாள். மறுபடியும் நாள் தவறாமல் திட்டுவாள். திட்டட்டும்; அதுதான் தனக்கு நியாயமாகச் சேர வேண்டியது என்று நினைத்தார். அந்த நினைப்பில் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது.

அவள் ஒரு சட்டைக் காலரைத் தைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே," என்று ஸ்டூலைக் காலால் தள்ளிப் போட்டாள். முன்பு பார்த்ததற்குச் சதை போட்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"அன்னிக்கு வீட்டுல பாத்தியேம்மா, அந்த வளைவு அளவு தப்பும்மா. இப்ப சரியாப் போட்டிருக்கேன்."

மெஷின் நின்றது. அவள் தலையைத் தூக்கவில்லை. மெஷினின் சக்கரத்தைப் பிடித்த கை மட்டும் அப்படியே இருந்தது.

"சரியாப் போட்டா தெரியுதாண்ணே?"

நிதானம் தெருவில் போகிற ஒரு வண்டியைப் பார்த்தார்.

"தெரியலம்மா," என்றார்.

அவள் மூச்சு விட்டாள். "அதான் அன்னிக்கே பாத்தோமே. நீங்க ஏன்ணே இன்னும் அதையே போட்டு உழப்பிக்கிட்டு இருக்கீங்க," என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள்.

முதல் தடவை அவளுக்குக் காட்டியது தப்புக் கணக்கு. இது பொய். இனிமேல் அவரைத் திட்ட யாரும் இல்லை. காலர் தைத்து முடியும்வரை அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. அவளும் அடுத்த துணியை எடுத்துக்கொண்டாள்.